சுவரொட்டியில் எத்தனையாவது பெயர்

இனி யாராவது ஏமாந்தால் அன்றோடு அவருக்கு வேலை இல்லை. இதுதான் அம்போஃபோ போட்ட சபதம். குமாசி நகரத்தில் ஒரு மருத்துவமனையின் கணினிகளைக் காக்கும் அதிகாரி அவர். சபதம் போடும்போது இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டார்.

காரணம் இருந்தது. போன மழைக்காலத்தில் ஊழியர் யாரோ கண்ட செய்தியைத் திறந்துவிட, திருடர்கள் உள்ளே புகுந்தார்கள். நோயாளிகளின் விவரங்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். அந்த வாரம் செருப்புத் தைப்பவர் ஒருவர் வந்து படுத்தார். எந்த மருந்து அவருக்கு ஆகாது என்பது பூட்டுக்குள் இருந்தது. அதே மருந்தை ஏற்றினார்கள்; ஆள் போய்விட்டார். அவர் மனைவி வராந்தாவில் அழுத அழுகை அம்போஃபோவின் காதைவிட்டுப் போகவே இல்லை. அம்போஃபோ கெட்டவர் இல்லை, பயந்துபோனவர்.

அதனால் தூண்டில் போட்டார். திருடன் அனுப்புவதுபோல் ஒரு பொய்ச் செய்தி எல்லா ஊழியருக்கும் போகும். திறந்தவர் பெயர் நேராக இயக்குநர் மேசைக்குப் போய்விடும். எல்லாத் தூண்டிலையும் தானே எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று, பிரிவுத் தலைவர்களும் முறைவைத்து எழுத ஏற்பாடு செய்தார். நோயாளிகளின் விவரங்களைப் பதியும் பிரிவுக்குத் தலைவி செர்வா. அம்போஃபோவின் மனைவி.

முதல் தூண்டில் அம்போஃபோ எழுதியது: 'உங்கள் பிள்ளையின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது.' மாட்டியது ஒரே ஒருத்தி. செர்வாவின் உதவியாளர் அந்திவா, கணவனைப் பறிகொடுத்தவள். அவள் மகன் ரத்த நோயோடு அதே மருத்துவமனையில் படுத்திருந்தான்.

அன்று சாயங்காலம் செர்வா ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெந்த கிழங்கை உரலில் போட்டு ஃபூஃபூ இடித்தாள். அம்போஃபோ உரலுக்குள் கைவிட்டு மாவைப் புரட்டிக் கொடுத்தார்.

"அபீனா அப்பா, அந்திவாவ விட்டுடுங்க."

"முடியாது."

உலக்கை விரல் நுனியை உரசிக்கொண்டு இறங்கியது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"பிள்ளைக்கு ரிசல்ட் வந்திருக்குன்னா எந்தத் தாய் திறக்காம இருப்பா?"

"திருடனும் அதத்தானே நெனப்பான்? அவன் என்ன ஈவு இரக்கமா பாப்பான்?"

"அவ வேலை போனா அந்தப் பையனோட இலவச வைத்தியமும் போயிடும்."

"செருப்பு தைக்கிறவரு சம்சாரத்துக்கு நான் என்ன பதில் சொல்றது? நீயே சொல்லு."

செர்வா உலக்கையை ஓங்கி நாலு இடி இடித்தாள்.

"சரி, உங்க பேரே மாட்டினா?"

"நானும் மூட்டையக் கட்டுவேன். ஒரு தடவ போன பேர நானே நெனச்சாலும் அழிக்க முடியாது. அப்படிச் செஞ்சு வெச்சிருக்கேன்."

"கெட்டிக்காரருதான்."

"ஆனா நான் மாட்ட மாட்டேன். யாரு அனுப்பினதுன்னு பாக்காம எதையும் தொட மாட்டேன். அது கெடக்கட்டும், மாமா சுவரொட்டி தயாராயிடுச்சாமா?"

அதுதான் அவருக்கு அந்த வாரம் முழுக்கக் கவலை. தாய்மாமன் காலமாகியிருந்தார். இழவுச் சுவரொட்டி ஊரில் எல்லா முச்சந்தியிலும் ஒட்டப்படும். அதில் மருமகன்கள் வரிசையில் பெரியம்மா மகன் ஓப்பாரேயின் பெயர் மேலே வந்துவிட்டால் அம்போஃபோ வெளியே தலைகாட்ட முடியாது. மாமனுக்காகக்கூட அவர் இத்தனை தூக்கம் கெட்டதில்லை.

"தெரியலையே. கைய எடுங்க, இடிக்கணும்," என்றாள் செர்வா.

மறுநாள் காலை அலுவலகத்தில் செய்தி வந்தது. 'மாமாவின் சுவரொட்டி அச்சுக்குப் போகிறது. பெயர் வரிசையைச் சரிபார்க்கவும். மதியத்துக்குள் சொல்லாவிட்டால் இப்படியே அடிக்கப்படும்.'

மற்ற ஊழியர்கள் யார் வீட்டு மாமாவோ என்று விட்டுவிட்டார்கள். அம்போஃபோவின் விரல் அவரைக் கேட்காமலே போய்த் திறந்தது.

திரை சிவந்தது. 'நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள். உங்கள் பெயர் இயக்குநருக்குப் போய்விட்டது.' வாசகம் அவரே உட்கார்ந்து எழுதியது.

அன்று தூண்டில் எழுதும் முறை செர்வாவுடையது. மனைவியின் மேசைக்கு ஓடினார்.

"செத்த மனுஷன வெச்சா வெளயாடுவ?"

"மாமா போனது நெசம்தானே? சுவரொட்டிச் சேதி மட்டும்தான் பொய். சாகக் கெடக்கிற பிள்ளைய வெச்சு நீங்க வெளயாடலையா?"

அம்போஃபோ நாற்காலியில் சரிந்தார். எதிர் மேசையில் அந்திவா தன் சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நேத்து ஒண்ணு கேட்டீங்கல்ல, அதுக்குப் பதில் சொல்றேன்," என்றாள் செர்வா. "போன மழைக்கு யாரு திறந்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியுமா?"

"தெரியாது."

"ஏன்? வேலை போயிடும்னு பயந்து வாயத் திறக்கல. அன்னிக்கே சொல்லியிருந்தா பூட்டு விழுறதுக்கு முன்னாடியே நிறுத்தியிருப்பீங்க. அந்த மனுஷன் பொழச்சிருப்பாரு. மாட்டினவங்கள வெரட்டினா அடுத்த தடவையும் மறைக்கத்தான் செய்வாங்க."

"இப்ப என்னம்மா செய்யிறது?"

"டைரக்டருக்கு மனு எழுதுங்க. மாட்டினவங்களுக்குப் பயிற்சி போதும், வேலை போக வேண்டாம்னு."

எழுதினார். கீழே பெயர் போடப் போனபோது செர்வா பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல அந்திவா பேரு. அப்புறம் உங்க பேரு."

இயக்குநர் முனகிக்கொண்டே இருவரையும் மன்னித்தார். சனிக்கிழமை ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டினார்கள். அதிலும் அம்போஃபோ இரண்டாவதுதான்.