குதிரை ஏறாத கௌபோய் அண்ணை

டென்மார்க்கில் குதிரையே ஏறாத கௌபோய் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் சில்க்போர்க் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். பெயர் கௌபோய் அண்ணை.

சாப்பாட்டு நேரத்தில் பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே கௌபோய் படங்களைப் பற்றிப் பாடம் எடுப்பார்.

"ஐசே, அமெரிக்கன் கௌபோய் பாலைவனம் தாண்டி வந்தாலும் சேட்டு கசங்காது, கலியாண மாப்பிள்ளை மாதிரி. பாத்துப் பாத்துச் சனம் அலுத்துப்போச்சு. இத்தாலிக்காரன் வந்துதான் அவனுக்குத் தாடியும் வேர்வையும் குடுத்தான். அதுவும் ஸ்பெயினில நிண்டு எடுத்து."

"சுடுறது ஒண்டுதானே அண்ணை?" என்று யாராவது கேட்பார்கள்.

"அமெரிக்கன் உடன சுட்டுப்போடுவான். இத்தாலிக்காரன் கண்ணைக் காட்டிக் காட்டிக் காக்க வைப்பான். காத்திருக்கிறதைப் படமா எடுத்தவன் அவன்தான்."

நான் பிரசங்க ஒளித்தட்டுகளைத் தவிர வேறொன்றும் போடாத வீட்டுக்காரன். இதெல்லாம் பாவம் என்று அவருக்குப் புத்தி சொன்னேன்.

ஊரில் யுத்தம் முடிகிற மாதங்கள். வன்னிக்குள் அகப்பட்ட என் இளைய சகோதரனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. செபிக்க முழங்காலில் நின்றாலும் வாயில் சொல் வரவில்லை. ஒரு பின்னேரம் கௌபோய் அண்ணை ஒரு கௌபோய் படத்தோடு வீட்டுக்கு வந்தார். "தனிய இருந்து யோசிக்காதையும்" என்றார். பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வந்தார். புத்தி சொன்ன நான் மூன்றாம் நாளே கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுச் செபக்கூட்டத்தில் தம்பிக்காகக் கண்ணை மூடி உருகினேன்: "ஆண்டவரே, பகைவர் நடுவில் தனியே குதிரையில் வருகிற அவனைக் காத்தருளும்."

எல்லாரும் "ஆமென்" என்றார்கள்.

சனம் போனபின் மனைவி கேட்டாள்: "உங்கட தம்பியிட்ட சைக்கிள்தானே இருந்தது? குதிரை எப்ப வாங்கினவர்?"

அடுத்த ஞாயிறு பின்னேரம் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை. திரையில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நிற்கையில் தொலைபேசி அடித்தது.

"அண்ணா, நான்தான். முகாமில இருக்கிறன்."

எனக்கு அழுகைதான் வந்தது. சண்டைக் கட்டத்தில் தும்மினாலே கோபிக்கிற கௌபோய் அண்ணை எழுந்து தொலைக்காட்சியை நிறுத்தினார். "கை கால் சுகமோ, சாப்பிட்டவரோ எண்டு கேளும்" என்றார்.

கேட்டேன். "ஓம் அண்ணா" என்றான். தொடர்பு அறுந்தது.

கௌபோய் அண்ணை பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்தார். மனைவி பஸ்ஸால் இறங்கி வந்து கதவைத் திறந்த பிறகுதான் விட்டார். அவ்வளவு நேரமும் அந்த மனுசன் சினிமாவைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை.