மிதக்கும், மூழ்கும், மாட்டிக்கும்

பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குள் அப்பாக்கள் நுழையக் கூடாது. கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தி, பையை மாட்டிவிட்டு, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, டாட்டா காட்டிவிட்டு வந்துவிட வேண்டும். அதற்கு மேல் உள்ளே போனால் ஆபத்து. இந்தச் சின்ன உண்மை எனக்கு விளங்குவதற்கு ஒரு நீல நிற பிளாஸ்டிக் டப்பும், ஒரு நல்ல பேன்ட்டும், கொஞ்சநஞ்சம் இருந்த மரியாதையும் தேவைப்பட்டன. (பேன்ட் போனதில்தான் என் மனைவிக்கு இன்னும் வருத்தம். மரியாதையைப் பற்றி அவள் விசாரிக்கவே இல்லை.)

அப்போது நாங்கள் ஈரோட்டிலிருந்து மாற்றலாகி ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் குடிவந்த புதிது. எனக்குக் கிண்டியில் ஆபீஸ். மகள் தாரணியை மாடம்பாக்கம் போகிற வழியில் இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பில் சேர்த்திருந்தோம். ஈரோட்டில் இருந்தவரை அவள் வாய் ஓயாது. பல் தேய்த்துக்கொண்டே பேசுவாள். தூக்கத்தில்கூட யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பாள். இங்கே வந்த முதல் வாரம், பெஞ்சில் பக்கத்தில் இருந்த பையனிடம், "சித்த அக்கட்டால நவுருங்க" என்று சொல்லியிருக்கிறாள். கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கோ என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால் மனுஷன் பேசாமல் நகர்ந்துகொள்வான்.

அந்தப் பையன் பெயர் பாலாஜி. அவன் நகரவில்லை. "டேய், அக்கட்டாலவாம்டா! அக்கட்டாலன்னா இன்னாது?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டிருக்கிறான். வகுப்பே சிரித்துவிட்டது. பாலாஜி கெட்ட பையன் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டிருப்பான். ஆனால் தாரணி அன்றோடு வகுப்பில் வாயை மூடிக்கொண்டாள். அட்டெண்டென்ஸ் எடுக்கும்போதுகூட கையை மட்டும் தூக்குவாளாம். வீட்டுக்கு வந்தால் பழையபடி பேச்சு. பள்ளிக்கூட கேட்டைத் தாண்டினால் ரேடியோவை அணைத்தது மாதிரி நின்றுவிடும்.

வகுப்பு டீச்சர் விமலா மிஸ் ஒருநாள் என்னைக் கேட்டில் பிடித்தார்.

"சார், வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல யாராவது ஒரு பேரன்ட்டைக் கூப்பிட்டு ஆக்டிவிட்டி பண்ணச் சொல்றோம். போன வாரம் ஒரு அம்மா வந்து பேப்பர்ல கொக்கு மடிச்சுக் காட்டினாங்க. அடுத்த வாரம் நீங்க வாங்களேன். கூட அப்பா நின்னா தாரணி ஒருவேளை வாயைத் திறப்பா."

நான் எங்கள் ஆபீஸ் மீட்டிங்கில்கூட எழுந்து பேசாதவன். ஆனால் அன்றைக்கு என்ன தைரியமோ, "கண்டிப்பா வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் பெரிய ஆலோசனை நடந்தது. எது மிதக்கும், எது மூழ்கும் என்று தண்ணீரில் போட்டுக் காட்டுவது என்று முடிவானது. நான் பொருளைப் போடுவேன், தாரணி பக்கத்தில் நின்றுகொண்டு "மிதக்கும்!" அல்லது "மூழ்கும்!" என்று அறிவிப்பாள். அவ்வளவுதான் திட்டம். ஒரே ஒரு வார்த்தையையாவது அவள் வகுப்பில் சொல்லிவிட்டால் போதும், மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும் என்று நானும் என் மனைவி சுமதியும் நம்பினோம்.

வீட்டு பக்கெட்டில் செய்யலாம் என்றாள் சுமதி. எனக்கு அது பிடிக்கவில்லை. கடைசி பெஞ்சுக்கும் தெரிய வேண்டாமா? அரைநாள் லீவு போட்டுவிட்டு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். அங்கே கிடைக்காத பொருள் கிடையாது. டப்புகளை அடுக்கிவைத்திருந்த ஒருவர் அதிலேயே பெரியதை உருவி, தரையில் ஓங்கித் தட்டிக் காட்டினார்.

"இத்த பாரு சார். ஆளே உக்காரலாம். அவ்ளோ ஸ்ட்ராங்கு."

அதை எலக்ட்ரிக் ட்ரெயினில் தாம்பரம் வரைக்கும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தேன். கீழே வைக்க இடம் இல்லை. குரோம்பேட்டையில் ஏறிய ஒருவர், "இன்னா சார், வூட்ல தண்ணி ஒழுவுதா?" என்று அக்கறையாகக் கேட்டார். நான் டப்புக்குள்ளிருந்து பதில் சொன்னதால் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமைவரை தினமும் ஒத்திகை. எலுமிச்சம்பழம், தேங்காய், ஆணி, கரண்டி, முட்டை, ஆரஞ்சு. வீட்டில் தாரணி போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து ஏதாவது பிரச்சனையா என்று கேட்டார். "மூஊஊழ்கும்!" என்று கரண்டிக்கு அவள் கொடுத்த குரல் இருக்கிறதே, அரசியல் மேடைக்குப் போதும்.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு எடுத்த சாம்பல் நிற பேன்ட்டைப் போட்டுக்கொண்டு போனேன். (சுமதி வேண்டாம் என்றாள். இதையும் எழுதச் சொல்லியிருக்கிறாள்.) விமலா மிஸ் மேஜையை ஓரமாக நகர்த்தி, நான் காலையிலேயே கேட்டில் கொடுத்திருந்த டப்பை நடுவில் வைத்துத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். கரும்பலகையில் கோடு கிழித்து, ஒரு பக்கம் "மிதக்கும்", மறுபக்கம் "மூழ்கும்" என்று எழுதியாயிற்று. பிள்ளைகள் பெஞ்சில் ஏறி முட்டிபோட்டு நின்றார்கள். தாரணி என் பக்கத்தில் வந்து நின்று, தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேங்காயைத் தூக்கிக் காட்டினேன்.

"இது என்ன ஆகும்? தாரணி சொல்லுவாங்க!"

வகுப்பு அவளைப் பார்த்தது. அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. காத்திருந்தேன். பிறகு வேறு வழியில்லாமல் தேங்காயைப் போட்டேன். மிதந்தது. வகுப்பு "ஓ!" என்றது. ஆணி, கரண்டி, முட்டை. ஒவ்வொரு தடவையும் அவள் பக்கம் திரும்பினேன். ஒவ்வொரு தடவையும் ஷூதான். தோலோடு மிதந்த ஆரஞ்சு, உரித்துப் போட்டதும் மூழ்கியது. வகுப்பு கைதட்டியது. வேறு சமயமாக இருந்தால் தலைகால் புரியாமல் ஆடியிருப்பேன். அன்றைக்கு அடுத்த பொருளைத் தேடிப் பைக்குள் கையை விட்டேன். கொண்டுவந்த பொருளெல்லாம் தீர்ந்துவிட்டது. பீரியட் இன்னும் தீரவில்லை.

அப்போதுதான் பாலாஜி எழுந்தான்.

"அங்கிள், நீங்க மிதப்பீங்களா?"

நல்ல அப்பாவாக இருந்தால் "உட்காருப்பா" என்று சொல்லியிருப்பார். நான் என்னையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன். அதற்குள் வகுப்பு முடிவே செய்துவிட்டது. "மூழ்குவாரு! மூழ்குவாரு!" என்று ஒரே கூச்சல். ஒரு பெண் குழந்தை மட்டும், "அங்கிளுக்குத் தொப்பை இருக்கு, மிதப்பாரு" என்று எனக்காக வாதாடியது.

தாரணியைப் பார்த்தேன். அவள் ஷூவை விட்டு நிமிர்ந்திருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அந்தச் சிரிப்பு நின்றுவிடக் கூடாது. அவ்வளவுதான் என் மூளையில் ஓடியது. செருப்பைக் கழற்றினேன், பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டேன். "சார், வேண்டாம்..." என்று விமலா மிஸ் ஆரம்பிப்பதற்குள் டப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

டப்பில் இருந்த தண்ணீர் முக்கால்வாசி வெளியே வந்து, பெஞ்சுக்கு அடியில் ஓடி, புத்தகப் பைகளை நனைத்துக்கொண்டு பக்கத்து வகுப்புக்குள் போனது. அங்கே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் பாதியில் கத்துவது கேட்டது. எங்கள் வகுப்பில் குதூகலம். என் முழங்கால் இரண்டும் மோவாய்க்குப் பக்கத்தில் இருந்தன. "பாத்தீங்களா, அங்கிள் மூழ்கிட்டேன்!" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

எழுந்தேன் என்பது என் ஆசை. இடுப்பு வரவில்லை. இன்னொரு தடவை தம் பிடித்து எழுந்ததில் டப்பும் என்னோடு சேர்ந்து எழுந்தது. "மிஸ், அங்கிள் ஆமை மாதிரி கீறாரு!" என்றான் பாலாஜி. நான் நிலைதடுமாறி, டப்போடு பொத்தென்று பழைய இடத்திலேயே உட்கார்ந்தேன். பல்லாவரத்துக்காரர் பொய் சொல்லவில்லை. ஆள் உட்காரலாம் என்றுதான் சொன்னார். எழுந்திருக்கலாம் என்று சொல்லவில்லை.

வாசலில் நிழல் தட்டியது. ஹெச்.எம். மேடம். அவருக்குப் பின்னால், பிள்ளையைச் சேர்ப்பதற்காகப் பள்ளியைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த ஒரு கணவன் மனைவி. மேடம் தரையைப் பார்த்தார், கரும்பலகையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"விமலா, இது என்ன ஆக்டிவிட்டி?"

"மிதக்கும், மூழ்கும் மேடம்."

"இவர் இதுல எது?"

விமலா மிஸ் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். பாலாஜி முந்திக்கொண்டான்.

"இவரு மாட்டிக்கிட்டாரு மேடம்!"

நான் உட்கார்ந்த நிலையிலேயே ஹெச்.எம்.முக்கு வணக்கம் வைத்தேன். அந்தக் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியாக வைத்தேன். அவர்களும் பதிலுக்குக் கும்பிட்டார்கள். பாவம், நல்ல மனிதர்கள்.

இதற்குள் மொத்த வகுப்பும் என்னைக் காப்பாற்ற இறங்கிவிட்டது. ஒருத்தன் கையை இழுத்தான், ஒருத்தி காதைப் பிடித்தாள், நான்கைந்து பேர் டப்பையும் என்னையும் சேர்த்தே ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். டப் சுற்றியது. கரும்பலகை, ஹெச்.எம்., ஜன்னல், மறுபடி கரும்பலகை. "மெதுவா, மெதுவா" என்று விமலா மிஸ் கெஞ்சியது யார் காதிலும் ஏறவில்லை.

அப்போது ஒரு குரல்.

"எல்லாரும் அக்கட்டால போங்க!"

வகுப்பு அப்படியே நின்றது. நானும் சுற்றுவதை நிறுத்தினேன். தாரணி பெஞ்சு மேல் ஏறி நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"எங்கப்பாவ இப்படி இழுத்தா வலிக்காதா? பாலாஜி, நீ டப்பக் கெட்டியாப் புடி. நீங்க நாலு பேரும் அந்தப் பக்கம் வாங்க. கைய மட்டுந்தான் புடிக்கோணும். காத விடு! அப்பா, நீங்க மூச்ச உள்ள இழுங்க. நான் சொல்றப்ப எல்லாரும் இழுக்கோணும். இப்ப!"

யாரும் சிரிக்கவில்லை. அக்கட்டால என்றால் என்ன என்று யாரும் கேட்கவும் இல்லை. பாலாஜி ஓடிப்போய் டப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். இழுத்தார்கள். டப் என்னை விட்டது. கூடவே பேன்ட்டின் பின்பக்கத் தையலும் மேலிருந்து கீழ்வரை விட்டது. அந்தச் சத்தத்தை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

விமலா மிஸ் ஜன்னல் திரையைக் கழற்றிக் கொடுத்தார். அதில் ஒட்டகச்சிவிங்கிகள் வரிசையாக இலை தின்றுகொண்டிருந்தன. அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஹெச்.எம்.மிடம் மன்னிப்புக் கேட்டேன். "நெக்ஸ்ட் டைம் கதை சொல்லுங்க சார், போதும்" என்றார். நாங்கள் வெளியே வரும்போது பாலாஜி கரும்பலகையில் மூன்றாவதாக ஒரு கோடு கிழித்து, "மாட்டிக்கும்" என்று எழுதிக்கொண்டிருந்தான். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினான் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒட்டகச்சிவிங்கித் திரையோடு ஸ்கூட்டர் ஓட்டினேன். வேளச்சேரி சாலையில் வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்த்தார்கள். பின்னால் தாரணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தாள். பாலாஜிக்குக் கையில் பலம் இல்லையாம். காதைப் பிடித்த பெண் பெயர் ஹரிணியாம், அவள் வீட்டில் முயல் இருக்கிறதாம். ஹெச்.எம். மேடத்துக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்ததாம், அவள் பார்த்தாளாம். நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கினாள், மறுபடி ஆரம்பித்தாள். கேம்ப் ரோடு சிக்னலில் சிவப்பு விழுந்தது. பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அந்த சிக்னல் மாறவே வேண்டாம் என்றிருந்தது.

அடுத்த சில வாரங்களில் இரண்டாம் வகுப்பு முழுக்க "அக்கட்டால நவுரு" என்று பேச ஆரம்பித்துவிட்டதாக விமலா மிஸ் சொன்னார். அதற்கடுத்த வருடத்தில் தாரணியிடமிருந்து அந்த வார்த்தை போய்விட்டது. பிறகு "ங்க" போனது. "வாங்கப்பா" என்றவள் "வாப்பா" என்றாள், அப்புறம் "ப்பா" மட்டும் மிஞ்சியது. சென்னைப் பெண்ணாகிவிட்டாள். அதைத்தானே அன்றைக்கு நாங்கள் வேண்டிக்கொண்டோம்?

இப்போது அவள் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர், "மாப்ள, எந்திரிக்கறப்ப சொல்லுங்க, ஆள் கூட்டியாறோம்" என்கிறார்கள். மாடம்பாக்கம் பக்கம் போனால், மீசை முளைத்த பையன்கள் பைக்கை நிறுத்தி, "டப் அங்கிள், நல்லா இருக்கீங்களா?" என்கிறார்கள். நன்றாக இருக்கிறேன் என்கிறேன். சில சாயங்காலங்களில் வேலை எதுவும் இல்லாமலே அந்த வழியாக வருவதுண்டு. பள்ளி விடுகிற நேரத்தில் கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தினால், உள்ளேயிருந்து வருகிற இரைச்சலில் எந்தக் குரல் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தாரணி போன் செய்தாள்.

"ப்பா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். என் ரூம்மேட்ஸ் நம்பவே மாட்டேங்கறாங்க. அந்த டப் கதைய நீயே சொல்லு."

சொன்னேன். பல்லாவரத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். ஹெச்.எம். மேடம் "இவர் எது?" என்று கேட்ட இடத்தில் அந்தப் பக்கம் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அப்ப நீ ஒரு வார்த்தைகூடப் பேசாம நின்னுட்டிருந்தே, திடீர்னு..." என்று நான் தொடர்ந்தேன்.

"நானா? பேசாம இருந்தேனா? சும்மா சொல்லாதப்பா!" என்று சிரித்தாள். "சரிப்பா, மெஸ் மூடிடுவாங்க. வைக்கறேன்."

சுமதி உள்ளேயிருந்து, "என்ன சொல்றா?" என்று கேட்டாள்.

"கதை கேட்டா. சொல்லி முடிக்கறதுக்குள்ள சாப்பிடப் போயிட்டா" என்றேன்.

தாரணி பெஞ்சு மேல் ஏறி நின்ற இடம், நான் நிறுத்திய இடத்துக்குப் பிறகுதான் வருகிறது.