நட்டநடுக் கோர்ட்டில் ஒரு பூசணிப்பூ

எண்பதுகளில் திருச்சி ஜில்லாவில் கலெக்டரைவிட அதிக அதிகாரம் உள்ள ஒரே மனிதர் எங்கள் டென்னிஸ் கிளப் மார்க்கர்தான். இதற்கு ஒரு கலெக்டரே சாட்சி. பளபளக்கும் ஷூவோடு கோர்ட்டுக்குள் வரப் பார்த்த அவரை மார்க்கர் கைகாட்டி நிறுத்தினார். "கேன்வாஸ் ஷூ, இல்லேன்னா வெறுங்கால். மூணாவது கிடையாதுங்க" என்றார். கலெக்டர் வெறுங்காலோடு உள்ளே வந்தார்.

கோர்ட்டைப் பராமரிப்பது, கோடு போடுவது, ஆள் குறைந்தால் மெம்பர்களோடு ஆடுவது எல்லாம் மார்க்கர் வேலை. அவருக்குப் பெற்றோர் ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து விடியுமுன் காவிரிப் பாலத்தைக் கடந்து சைக்கிளில் வருவார். ஹேண்டில்பாரில் ஒரு வாளி தொங்கும். வாளி நிறையச் சாணி. எங்களுடையது செம்மண் கோர்ட். தினமும் சாணி கரைத்து மெழுகினால்தான் புழுதி அடங்கும், பந்து ஒழுங்காக எழும்பும்.

கிளப் வாசலிலேயே மாடுகள் திரியும்போது எதற்கு ஸ்ரீரங்கத்துச் சாணி என்று ஒருமுறை கேட்டேன்.

"இந்த மாடெல்லாம் சினிமா போஸ்டர் திங்குதுங்க சார். அந்தச் சாணில பந்து எழும்பாது" என்றார். நான் பேங்கில் வேலை பார்ப்பவன். இதற்குமேல் கேட்க எனக்கு விஷய ஞானம் போதவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் செக்ரட்டரிக்கு ஒரு ஆசை வந்தது. ரயில்வேயில் பெரிய பதவியிலிருந்து ரிட்டயர் ஆனவர். தான் விசில் ஊதினால் ஊரே புறப்பட வேண்டும் என்று இன்னமும் நம்புகிறவர். டென்னிஸில் டிவியில் வருகிற பெரிய ஆட்டக்காரர்கள் மாடியில் இருக்கிறார்கள், புதிதாகக் கிளம்பியவர்கள் தரையில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், நடு மாடிப்படியில் நிற்கிறவர்களுக்காக நடக்கும் போட்டிக்குச் சேலஞ்சர் என்று பெயர். தங்கள் சாக்ஸைத் தாங்களே துவைத்துக்கொண்டு நாடு நாடாகப் போய் ஆடுகிறவர்கள். அப்படி ஒரு போட்டியை நம் கிளப்பில் நடத்துவது என்று செக்ரட்டரி எழுதிப் போட்டார். மார்கழியில் ஒரு வாரம் கிடைத்தும் விட்டது.

ஆனால் ஒரு நிபந்தனை. வெளிநாட்டிலிருந்து ஒரு சூப்பர்வைசர் வந்து, கோர்ட் தேறும் என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் போட்டி கோயம்புத்தூர் சிமெண்ட் கோர்ட்டுக்குப் போய்விடும்.

சூப்பர்வைசர் வருவதற்கு முந்தின நாள் செக்ரட்டரி எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நம்ம கோர்ட் தேறலைன்னா பொங்கல் கழிச்சு நாமளும் சிமெண்ட் போட்டுடறோம். அப்புறம் மார்க்கர்னு ஒருத்தர் எதுக்கு?"

மார்க்கர் அங்கேயேதான் நின்றிருந்தார். அவர் முகம் செத்துவிட்டது.

"இன்னொண்ணு. சாணிங்கற வார்த்தை யார் வாயிலேர்ந்தும் வரக் கூடாது. மார்க்கர், நீங்க வாயையே தொறக்கக் கூடாது."

விண்ணப்பத்தில் தரை களிமண் என்று மட்டும் எழுதி அனுப்பியவன் உதவிச் செயலாளனாகிய நான்.

மறுநாள் காலை நானும் செக்ரட்டரியும் சூப்பர்வைசரை அழைத்துக்கொண்டு போனோம். கோர்ட் மெழுகிய ஈரத்தில் மின்னியது. வெள்ளைக் கோடுகள் நூல் பிடித்தாற்போல் இருந்தன. நெட்டுக்கு இந்தப் பக்கம், நட்டநடுவில், ஒரு கட்டில் அகலத்துக்குப் புள்ளிக்கோலம். கோலத்தின் நடுவே ஒரு சாணி உருண்டை. அதன் தலையில் மஞ்சளாக ஒரு பூசணிப்பூ.

செக்ரட்டரி கம்பிவலையைப் பிடித்துக்கொண்டார். நான் என்ன செய்கிறேன் என்றே தெரியாமல், கோலத்தை அழிக்கச் செருப்புக்காலோடு உள்ளே ஓடினேன். ஏழெட்டு அடி வைப்பதற்குள் மார்க்கர் குறுக்கே வந்து நின்றார். வாயைத் திறக்கவில்லை. என் காலையே பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசையாகச் செருப்புத் தடம்.

அது என்ன என்று சூப்பர்வைசர் ஆங்கிலத்தில் கேட்டார். ஸ்பான்சர் கம்பெனியின் சின்னம் என்று செக்ரட்டரி கூசாமல் அளந்துவிட்டார். சூப்பர்வைசர் நம்பவில்லை. மார்க்கரிடம் திரும்பி அதையே கேட்டார். மார்க்கர் செக்ரட்டரியைப் பார்த்தார்.

"சொல்லித் தொலைங்க" என்றார் செக்ரட்டரி.

"இப்ப வாயைத் தொறக்கலாமா சார்?"

"தொறங்க."

"மார்கழி மாசம் சாணி மெழுகின தரையைக் கோலமில்லாம விட்டா எழவு வீடு மாதிரி இருக்குங்க. எங்கேர்ந்தோ புள்ளைங்க ஆட வராங்க. அவங்களை எழவு வீட்டுக்குள்ளயா கூப்பிடறது? அதான் போட்டேன். தப்புன்னா என்னை அனுப்பிடுங்க. போட்டியை அனுப்பிடாதீங்க."

நான் மொழிபெயர்த்தேன். ஒரு வார்த்தையை மட்டும் விழுங்கப் பார்த்தேன்.

"சாணியைச் சொன்னீங்களா சார்?" என்றார் மார்க்கர்.

சொன்னேன்.

சூப்பர்வைசர் பூவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே வரக் காலை எடுத்தார். "அரை மணி காயட்டும்னு சொல்லுங்க. ஷூவையும் கழட்டச் சொல்லுங்க" என்றார் மார்க்கர். செக்ரட்டரி கண்ணை மூடிக்கொண்டார். சூப்பர்வைசர் பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி காத்திருந்தார். ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, கோட்டுக்குக் கோடு வெறுங்காலோடு நடந்தார். கட்டை விரலால் தரையை அழுத்திப் பார்த்தார். பத்து இடத்தில் பந்தைப் போட்டுப் பார்த்தார். பத்து இடத்திலும் பந்து அவர் இடுப்புவரை எழும்பி வந்தது.

கையெழுத்துப் போட்டார். கீழே இரண்டு குறிப்பு எழுதினார். கோலம் கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். செருப்புத் தடங்களைச் சரிசெய்ய வேண்டும்.

செக்ரட்டரி ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். சிமெண்ட் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவே இல்லை. போட்டி நடந்த வாரம் முழுக்கக் கோலம் கேட் வாசலில் இருந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள். நெட்டைக் கொக்காக ஒருவர் பூசணிப்பூவைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். முதல் சுற்றிலேயே தோற்றார். பூவை மட்டும் விடவில்லை.

கையெழுத்தான அன்று, எல்லோரும் போனபின் நான் கேட்டருகே செருப்போடு நின்றிருந்தேன். மார்க்கர் மண்டியிட்டு என் தடங்களை மெழுகிக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தார்.

"பரவால்ல, அப்படியே வாங்க சார்" என்றார்.

கலெக்டருக்கே கிடைக்காத சலுகை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சத் தடங்களை என் கையாலேயே மெழுகினேன்.