என்னை ஆயிரம் தடவை மௌத்தாக்கிய அறிவித்தல் காக்கா

கல்முனையில் உயிரோடு நடமாடுகிற ஆட்களில், அறிவித்தல் காக்காவின் வாயால் ஒரு தடவையாவது மௌத்தாகாதவர் ஒருவரும் இல்லை. என்னை மட்டும் குறைந்தது ஆயிரம் தடவை மௌத்தாக்கியிருப்பார்.

எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்; இந்தக் காக்காவின் சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்குத்தான் தெரியும். ஊரில் யார் மௌத்தானாலும் எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவிக்கிறவர் அவர். முதலில் தெருவைச் சொல்வார். பிறகு வாப்பாவின் பெயர். மறுகா ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சில் ஊர் முழுக்க அடுப்பைக் குறைத்துவிட்டுக் காதைக் கொடுக்கும். கடைசியில் ஆளின் பெயரை நீட்டி, மெல்ல மெல்ல இறக்கிக் கீழே வைப்பார். காலமானார் என்று சொல்லவே தேவையில்லை. பெயர் இறங்கின இறக்கத்திலேயே ஆள் போய்விட்டார் என்று தெரிந்துவிடும்.

இருபது வருசம் இதையே செய்ததில் அந்த ராகம் தொண்டையில் ஒட்டிப்போயிற்று. மனுசனுக்கு வேறு மாதிரிக் கதைக்க வராது. "அரைக் கிலோ... கீரி மீ...ன்..." என்பார். மீன்காரர் தன்னையறியாமல் தொப்பியைச் சரிசெய்வார்.

எனக்குக் கலியாணம் பேசின நேரம் முப்பத்தாறு வயது. ஐந்து சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. ஆறாவது சம்மாந்துறையில், பெண் டீச்சர். படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் போனால் இனிக் கலியாணமே வேண்டாம் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கம் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருவார்கள். பெண்ணின் வாப்பா, நெல் மில் வைத்திருக்கிற ஹாஜியார், ஒருவருக்கும் சொல்லாமல் எங்கள் சந்தித் தேத்தண்ணிக் கடைக்கு வந்து, முதலில் கண்ட ஆளிடம் கேட்டிருக்கிறார். முதலில் கண்ட ஆள் யார்? வேறு யார், அறிவித்தல் காக்காதான்.

"இஸ்ஸதீன் எண்டு ஒரு தம்பி. தெரியுமா?"

"ஓம்... பழைய தபால் கந்தோர் வீதி... மர்ஹூம் ஆதம்பாவாட இளைய மகன்..." ஒரு மூச்சு. "இஸ்ஸதீ...ன்... நல்ல மனுச...ன்..."

"இன்னா லில்லாஹி" என்ற ஹாஜியார், தேத்தண்ணியைக் குடிக்காமலே பஸ் ஏறிவிட்டார். பின்னேரம் துக்கம் விசாரிக்கத் தரகர் போன் எடுத்தார். நான்தான் பதில் கதைத்தேன். பாவம், பயந்துபோய்ப் போனை வைத்துவிட்டார்.

தேத்தண்ணிக் கடையில் நடந்ததைக் கேட்டறிந்து, நேரே காக்காவிடம் போனேன். "நீங்களே வந்து சரிப்படுத்தித் தாங்க காக்கா."

"உன்னப் புகழ்ந்துதானேடா சொன்னன்... மனே..." என்றார். கண் கலங்கியிருந்தது. அதைக் கேட்க நான் இன்னொரு தடவை மௌத்தான மாதிரி இருந்தது.

அடுத்த நாள் ஆட்டோவில் போகும்போதே பாடம் நடத்தினேன். "கடைசிச் சொல்ல இறக்காதீங்க. மேல தூக்குங்க. நல்ல சங்கதியத் தூக்கித்தான் சொல்லணும்." மாவடிப்பள்ளி தாண்டுவதற்குள் காக்கா நன்றாகத் தூக்கப் பழகிவிட்டார்.

ஹாஜியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். உயிர் இருக்கிறது, அதில் அவருக்குத் திருப்தி. குணத்தைப் பற்றிக் கேட்டார். காக்கா தூக்கினார்.

"தங்கமான பொடியன்?"

"என்னட்டயா கேக்கிறீங்க?"

"அஞ்சு நேரமும் தொழுவார்? சிகரெட் குடிக்கிறல்ல?"

ஹாஜியாரின் முகம் சுருங்கிற்று. "உங்களுக்கே சந்தேகமா இரிக்கி. நாங்க யோசிச்சுச் சொல்றம்."

யோசிச்சுச் சொல்றம் என்றால் என்னவென்று ஐந்து தடவை கேட்ட எனக்குத் தெரியாதா? அழுகை வந்துவிட்டது. காக்கா என் முகத்தைப் பார்த்தார். "போடா, நீயும் உன்ட தூக்கலும்" என்று எழும்பி, விறாந்தையில் நின்று, தொண்டையைக் கனைத்து, பள்ளிவாசல் குரலை எடுத்தார்.

"சம்மாந்துறை... மில்லடி வீதி... ஹாஜியாரின் மூத்த மகள்..." மூச்சு. "ஸரீனா டீச்ச...ர்... இவக்கு இதவிட நல்ல மாப்புள கிடைக்காது..."

பின்பாதியை ஒருவரும் கேட்கவில்லை. தெரு முழுக்க ஓடி வந்தது. இரண்டு பேர் பிளாஸ்டிக் கதிரைகளோடு வந்தார்கள். ஒருவர் ஜனாஸா தூக்கிப்போகிற சந்தூக்குக்குப் போன் எடுத்தார். பெண்கள் ஒப்பாரியோடு உள்ளே போக, யாருக்கு என்ன நடந்தது என்று பார்க்க ஸரீனா டீச்சரே வெளியே வந்தாள். அதற்குப் பிறகு கேட்ட அலறலைச் சொல்லி முடியாது.

ஹாஜியார் கதிரையில் ஏறி நின்று கத்தினார். "ஒருத்தரும் மௌத்தாகல்ல. இது என்ட மகள்ற கலியாணக் கதை. இந்தா நிக்கிறார், இவர்தான் மாப்புள."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். ஊரே கேட்டுவிட்டது, இனி எப்படி மாற்றுவது? வந்த கதிரைகளிலேயே எல்லாரும் இருந்து தேத்தண்ணி குடித்தோம். ஸரீனா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒன்பது வருசமாயிற்று. தினமும் அஸர் தொழுகை முடிந்து காக்கா எங்கள் வாசல் கடப்படியில் நின்று கூப்பிடுவார். "உங்கட அறிவித்தல் வந்திரிக்கி, போங்க" என்பாள் ஸரீனா. போன மாசம் அவருக்குத் தொண்டையில் சுகமில்லை; இரண்டு கிழமை வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த இரண்டு கிழமையும் நான் ஒரு நாள்கூட மௌத்தாகவில்லை. வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் கடப்படியில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது.

"இஸ்ஸதீ...ன்..."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு ஓடிப்போய்க் கடப்பைத் திறந்தேன்.