ஃபாலோ-அப் அண்ணன் ஃபெயிலான கதை

சிங்கப்பூரில் யாராவது வாய்தவறி ஒரு குறை சொல்லி, அது ஃபாலோ-அப் அண்ணன் காதில் விழுந்துவிட்டால், சொன்னவர் நாட்டை விட்டே போனாலும் தப்ப முடியாது. அண்ணன் அதைத் தீர்த்துவைத்து, ஆளைத் தேடிப் பிடித்து, "நீங்க சொன்னீங்கல்ல, முடிச்சாச்சு" என்று நேரில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார்.

தேக்கா மார்க்கெட்டில் ஒருநாள் யாரோ ஒரு மனிதர், "டீல இவ்ளோ சீனியா!" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். அண்ணன் கடைக்காரரை வழிக்குக் கொண்டுவந்து, அடுத்த வாரம் அதே மனிதரைக் கூட்டத்தில் துரத்தினார். அவரோ இன்சூரன்ஸ் ஏஜெண்ட் என்று நினைத்து, "ஏற்கெனவே மூணு பாலிசி இருக்கு, விடுங்க லா!" என்று ஓட்டம் பிடித்தார். தோ பாயோவில் அண்ணன் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கில் ஓர் அம்மாள், "லிஃப்ட் கதவு டக்குனு மூடிக்குது" என்று பேச்சுக்குச் சொல்லிவைத்தார். அண்ணன் அவர் வீட்டு வாசலிலேயே போய் நின்று ரிப்பேர் விவரம் முழுக்க ஒப்பித்தார். அதற்குப் பிறகு அந்த அம்மாள் இவர் நிற்கும் லிஃப்டில் ஏறுவதில்லை. அண்ணி கெட்டிக்காரி. மூட்டு வலித்தால்கூட அவர் காதுபடச் சொல்லமாட்டார்.

எனக்கு அவர் பழக்கமானது வகுப்பில். கல்லூரி அலுவலகங்களில் வேலை பார்க்கும் பட்டதாரிகளுக்கான தர உறுதிப்பாட்டுச் சான்றிதழ் படிப்பு அது. சனிக்கிழமைகளில், லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில். ஒரு கல்லூரி தான் சொன்னதை உண்மையிலேயே செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கக் கற்றுத்தருவார்கள். நாங்களெல்லாம் அதைப் படிக்க வந்தோம். அண்ணன் பிறக்கும்போதே படித்துவிட்டு வந்தவர்.

ஆனால் அவருக்கு இது விளையாட்டில்லை. அவர் வேலை பார்த்த தனியார் கல்லூரி, சான்றிதழ் வாங்கினால் தர அதிகாரி வேலை நிரந்தரம், இல்லையென்றால் ஒப்பந்தம் இத்தோடு சரி என்று கறாராகச் சொல்லிவிட்டது. ஐம்பதைத் தாண்டியவருக்கு வேறு வேலை லேசில் கிடைத்துவிடுமா?

கடைசித் தேர்வு ஒரு நாடகம் மாதிரி. தேர்வு எழுதுபவர் ஆய்வுக் குழுத் தலைவர். மற்றவர்கள் குழு உறுப்பினர்களாகவும் மாணவர்களாகவும் நடிக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் பாடம், நூலகம், கேண்டீன் என்று எல்லாவற்றையும் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். அண்ணன் தலைவரான அன்று நான் மாணவி. எனக்குக் கொஞ்சம் நடிப்பு ஆசை வேறு. "வந்ததிலேர்ந்து யாரும் என்னோட பேசறதில்ல. மத்தியானம் தனியாத்தான் சாப்பிடறேன். விட்டுட்டுப் போயிடலாமான்னு இருக்கு" என்று ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினேன்.

அண்ணன் கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்தார். அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர், தமிழில் கேட்டார்: "இன்னிக்கு சாப்டியாம்மா?"

பக்கத்தில் குழு உறுப்பினராக உட்கார்ந்திருந்த மலாய்த் தோழி ரோஸ்னா, இதை எழுதுவதா வேண்டாமா என்று பேனாவோடு முழித்தாள். அண்ணன் விடவில்லை. "எப்பேர்ந்து இப்படி? வீட்ல சொன்னியா?" நூலகம் போயிற்று, பாடம் போயிற்று. நேரம் முடிந்தது என்று தேர்வு நடத்திய மேடம் மேசையைத் தட்டியபோது, அண்ணன் எனக்குச் சாப்பாட்டுத் துணை ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

"இல்லாத ஸ்டூடண்ட்டுக்கு முழு டைமையும் குடுத்துட்டீங்களே, சார்!" மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். ஃபெயில். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு.

வகுப்பே டீக்கடையில் கூடி முடிவெடுத்தோம். மறுதேர்வில் யார் வாயிலிருந்தும் ஒரு குறை வரக்கூடாது. குறை இருந்தால்தானே மனிதர் அதன் பின்னால் போவார்?

அந்த நாளும் வந்தது. இந்த முறை ரோஸ்னாவும் மாணவி.

"கேண்டீன் எப்படி?"

"வெரி குட், சார்."

"லைப்ரரி?"

"வெரி வெரி குட், சார்."

"ஏர்கான்?"

"நைஸ் அண்ட் கோல்ட், சார்" என்றாள் ரோஸ்னா.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "சோ ஹேப்பி, சார்!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, எங்களை வரிசையாகப் பார்த்தார். போச்சுடா என்று நினைத்தேன். ஆய்வுக் குழு வருவதற்கு முன்னால் மாணவர்களை உட்காரவைத்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லப் பழக்கி அனுப்புவது எங்கள் தொழிலில் ஊரறிந்த திருட்டுத்தனம். அதைத்தான் நாங்கள் அச்சு அசலாகச் செய்துகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அண்ணன் நிதானமாக முடிவைச் சொன்னார்: "இவங்களுக்கு யாரோ சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்காங்க. இவங்க சொன்ன எதையும் ஏத்துக்க முடியாது. தனித்தனியா மறுபடியும் பேசணும்." பாதி நேரம்கூட ஆகவில்லை. மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணன் பாஸ். ரோஸ்னா போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்புக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அன்று மதியம் எல்லாரும் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனோம். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார். "மொத தடவை சொன்னியேம்மா, அது நடிப்பு இல்லல்ல?"

பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்தேன். சுவா சூ காங்கில் ஒரு கல்லூரிக்குப் புதிதாக மாறியிருந்தேன். அங்கே அவரவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். வேலையை விட்டுவிடலாமா என்று தினமும் ரயிலில் யோசித்துக்கொண்டு போவேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமாண்ணே?"

"குரல்ல தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா டைமை விட்டீங்க? வேலை போயிருந்தா?"

"பயமாத்தான் இருந்துச்சு. ஆனா பரீட்சையை இன்னொரு நாள் எழுதிக்கலாம் லா. நீ அன்னிக்குத்தானே வாயத் தொறந்தே" என்று சொல்லிவிட்டு, அப்பளத்தை நொறுக்கினார்.

திங்கட்கிழமை மதியம் சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோன். "பக்கத்து சீட்ல யாரு? போய் சாப்பிடக் கூப்பிடு. நான் லைன்லயே இருக்கேன்." நான் எழுந்து போய்க் கேட்டேன். அந்தப் பெண் இதற்காகவே காத்திருந்தவள் போலக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கூடப் பிறந்த அண்ணன் எனக்குக் கிடையாது. யாராவது கேட்டால், ஒருத்தர் இருக்கிறார் என்றுதான் இப்போதெல்லாம் சொல்கிறேன்.