தொட்டுத் தொட்டுக் கெட்ட தயிர்

பாலும் உறைமோரும் எல்லார் வீட்டிலும் இருக்கும். உறை ஊற்றிவிட்டு அந்தப் பக்கம் போகாமல் இருக்கும் கைதான் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு வாய்க்கவே இல்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கடைசி செக்கிங் என் வேலை. ஒட்டு பிடித்திருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்துவேன், சாய்ப்பேன், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். (வீட்டில் தோசைக்கும் இதே மரியாதைதான்.)

எங்களுடையது காதல் கல்யாணம். ஜோலார்பேட்டையில் இருக்கும் மாமனார், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், கல்யாணத்துக்கே வரவில்லை. அதற்குப் பிறகும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. என் கணவர் போய்ப் போய்க் கெஞ்சியதில், ஒரு மார்கழி ஞாயிறு சாப்பிட வருகிறேன் என்று இறங்கி வந்தார்.

"பிரியாணியே போட்டாலும் அப்பாவுக்குக் கடைசியா தயிர்சோறு வேணும். பாக்கெட் தயிர் தொடமாட்டாரு" என்று எச்சரித்தார் இவர்.

சனிக்கிழமை சாயங்காலம் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றினேன். அத்தோடு விட்டிருந்தால் வம்பே இல்லை. குளிர் ஜாஸ்தியாக இருக்கிறதே என்று மூடியைத் திறந்தேன். சாய்த்தேன். கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன் (கை கழுவிவிட்டுத்தான்). இளக்கமாகத் தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றிக் கலக்கினேன். படுக்கும்வரை இதே வேலை, விடிந்ததும் மறுபடியும்.

"அது இன்னா ஷூவா? சும்மா விடும்மா!" என்று இவர் கத்தினார். கேட்டால்தானே.

மாமனார் வந்தார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே பேசினார். பிரியாணியைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு வெள்ளைச் சோற்றில் குழி பறித்துக் காத்திருந்தார். நான் பாத்திரத்தைச் சாய்த்தேன். முதலில் தண்ணீர் ஓடியது. பின்னாலேயே நாலைந்து கட்டிகள் விழுந்தன. ஓடிய தண்ணீர் இலையைத் தாண்டி அவர் வேட்டி வரைக்கும் போனது. இந்த மனிதர் இப்போது எழுந்து போனால் இனி ஜென்மத்துக்கும் வரமாட்டார் என்று பதறிப் பாத்திரத்தை நிமிர்த்தினேன்.

"இன்னாம்மா இது?"

"தயிர், மாமா." சொன்ன எனக்கே நம்பிக்கை வரவில்லை. "நீங்க வர்றீங்கன்னு பயம். உறையுதா, உறையுதான்னு தொறந்து பாத்துக்கினே இருந்தேன்..." அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

அவர் வேட்டியைத் துடைக்கவில்லை. இலையில் மிச்சமிருந்த தண்ணீரையே சோற்றில் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கிப் புதுசா உறை ஊத்து. தொடாத. நாளைக்கி வந்து பாக்கறேன்."

நிஜமாகவே மறுநாள் ரயிலேறி வந்துவிட்டார். தயிர் கல் மாதிரி உறைந்திருந்தது. இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் சரியா உறையல. ஞாயித்துக்கெழம வந்து பாக்கலாம்" என்றார்.

வருடங்கள் ஓடிவிட்டன; ஒரு ஞாயிறும் தவறவில்லை. சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில் என்னைப் பார்த்ததும் எல்லாரும், "இன்னா, தயிர் உறைஞ்சிதா?" என்றுதான் நலம் விசாரிக்கிறார்கள்.

"இன்னும் இல்ல" என்று மாமனார்தான் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்.