185ஆ, 205ஆ: இன்ச்சி நானாவின் பந்தயம்

ஐந்து வருடம் ஒரே கார்ப் பந்தயத்துக்குத் தயாராகி, ஒரு வளைவைக்கூடச் சுற்றாமல் ஓய்வு பெற்ற வீரர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். மாத்தளை டவுனில் டயர் கடை வைத்திருந்த இன்ச்சி நானாதான் அவர்.

சொந்தப் பெயர் கடை லைசன்சில் இருந்திருக்கும், ஊருக்குத் தெரியாது. எதைக் கண்டாலும் அளவு நாடாவை உருவுவார், அதனால் இன்ச்சி; முஸ்லிம் அண்ணன் என்பதால் நானா. நான் பக்கத்து ஊரான உக்குவளையில் கணக்கு வாத்தியார். ஒருநாள் மழைக்கு அவர் கடையில் ஒதுங்கினேன்.

"மாஸ்டர், கணக்குத் தெரியுமா?"

"அதைத்தாங்க படிச்சுக் குடுக்கிறேன்."

"அப்ப உள்ளுக்கு வாங்க."

உள்ளே முன் சீட் இரண்டையும் தவிர எல்லாம் கழற்றிய ஒரு பழைய ஜப்பான் கார் நின்றது. தெற்குக் கரையோரம், கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுபாதையில் பீப்பாய்களால் வளைவுகள் அமைத்து வருடத்துக்கொருமுறை பந்தயம் நடக்குமாம். அதில் ஓடத்தான் இந்தக் கார். எல்லாம் தயார், டயரின் அகலத்தைத் தவிர.

"205 போட்டா வளைவுல பல்லி மாதிரி ஒட்டும். ஆனா எஞ்சின் சின்னது, நேர்ப்பாதையில இழுக்க ஏலாம மூச்சு வாங்கும். 185 போட்டா பறக்கும். வளைவு வந்தா காரு கடலுக்குப் போயிரும். செல்லுங்க மாஸ்டர், எது?"

நான் சொல்லவில்லை. அதுதான் பிழை. சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருக்கலாம்.

பிறகு தினமும் இதே வேலைதான்: டயரில் கரும்பலகை வெண்கட்டியைப் பூசி, சிமெந்துத் தரையில் காரை உருட்டுவார். பதிந்த அடையாளத்தை நான் அளந்து கொப்பியில் எழுதுவேன். அவருடைய ரிம்முக்கு 205 அகலம் கூடிப்போய் வயிறு தள்ளி, நடுப்பாகம் மட்டும்தான் தரையைத் தொட்டது. 185 முழுதாகப் பதிந்தது. முடிவு தெளிவு. மறுநாள் போனால், "மாஸ்டர், ராத்திரி யோசிச்சேன், வளைவுல…" என்று தொடங்குவார். ஓடுபாதையின் வளைவுகளையெல்லாம் தூரத்தோடு கொப்பியில் வரைய வைத்தார்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட இந்த மனுசன் இவ்வளவு யோசிக்கல்ல" என்று அவர் மனைவி பிளேன்டீயை வைத்துவிட்டுப் போவார்.

முதல் வருடம் கொழும்பில் குண்டு வெடித்தது; பந்தயம் நின்றது. அடுத்த வருடம் ஊரடங்கு. அதற்கடுத்த வருடம் காரணமே சொல்லவில்லை. நாலாம் வருடம் மறுபடி குண்டு. ஒவ்வொரு தடவையும் நானா ஒரு வாரம் சாப்பிடாமல் கிடப்பார். பிறகு எழுந்து டயரை மாற்றுவார்.

ஐந்தாம் வருடம் பந்தயம் நடப்பது உறுதியானது. 185ஐ மாட்டிக்கொண்டு, அதிகாலை சுபஹு தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். நானா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

கொழும்பை நெருங்கும்போது சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயர். பைக்குள் கொப்பி. கொப்பிக்குள் ஒரு விமான ஓடுபாதையின் படம், அளவுகளோடு, தமிழில்.

என்னை ஒரு அறைக்குள் உட்கார வைத்தார்கள். பந்தயம் இரண்டு மணிக்கு. அப்போது ஒன்பது.

அதிகாரி நானாவிடம் சிங்களத்தில் சொன்னது கேட்டது. "நீங்க போகலாம். இவரை விசாரிக்கணும்."

"போங்க நானா" என்று நானும் கத்தினேன். "அஞ்சு வருசம் காத்திருந்தீங்க!"

நானா போனார். போய், ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைக் கழற்றி, உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். வெண்கட்டியைப் பூசினார். அந்த அறையின் சிவப்புத் தரையில் உருட்டிக் காட்டி, 185க்கும் 205க்கும் உள்ள வித்தியாசத்தைத் தொடக்கத்திலிருந்து விளக்கினார். அதிகாரி எழுந்து போனார். நானா பின்னாலேயே போய் விளக்கினார். இன்னொரு அதிகாரி வந்தார், மறுபடி முதலிலிருந்து. பன்னிரண்டு மணிக்கு ஒரு பொலிஸ்காரர் அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றரைக்கு விட்டார்கள். அதிகாரி கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டு, தன் ஜீப்புக்கு எந்த அகலம் நல்லது என்று கேட்டார். நானா போய்ச் சக்கரத்தை மாட்டினார். ஒரு நட்டு இரண்டு தடவை கீழே விழுந்தது.

காரை ஊருக்கே, கண்டிப் பக்கம் திருப்பினார்.

"நீங்க போயிருக்கலாம் நானா."

"போய்? உங்கள அங்க வச்சிட்டு வளைவுல எப்படித் திருப்புறது?" என்றார். கண்ணைத் துடைத்தார். "அடுத்த வருசம்னு மட்டும் செல்லாதீங்க மாஸ்டர்."

நான் சொல்லவில்லை. அந்த மாதமே காரை விற்றுவிட்டார்.

ஒரு சைக்கிள்கூட இல்லாத நான், அதற்குப் பிறகு பதினொரு வருடம், அவர் மௌத்தாகி அடக்கமாகும் வரை, பள்ளிக்கூடம் விட்டதும் அந்த டயர் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.